கேள்வி தெரியாமல் ஊற்றிய தண்ணீர்

இரண்டாவது தடவையும் ஆடு துளுக்கவில்லை.

மஞ்சள் கரைத்த தண்ணீர் அதன் முதுகில் வழிந்து வயிற்றுக்கடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆடு பாட்டுக்குக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, விருந்து சாப்பிட்டு முடித்த ஆள் மாதிரி நின்றது. கோயில் முன்னால் கூடியிருந்த அத்தனை பேரும் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரே ஒரு உதறல் வந்தால் போதும். வரவில்லை.

"போச்சு போ. இந்த ஆட்டுக்கு மலை மேல இடி உழுந்தாலும் ஒறைக்காதாட்டம் இருக்குது," என்றாள் கண்ணாயி அத்தை.

அத்தாயி கூட்டத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்றிருந்தாள். சாமியிடம் கேட்டது அவளுடைய கல்யாணத்தைத்தான்.

கொல்லிமலையில், பல ஊர்கள் சேர்ந்த திருப்புலி நாட்டுக்குள் இருந்த அந்தச் சிற்றூரில் சாமியைக் கேட்காமல் யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். விதைப்பானாலும் வீடு கட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் ஒரு கிடாயைக் கோயில் முன் நிறுத்தி, கேள்வியைச் சொல்லி, மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சும்மா நின்றால் சம்மதமில்லை. ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கலாம். மூன்றாவது தரமும் துளுக்காவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். வாக்குச் சொல்கிற ஆட்டை அந்த ஊரில் வெட்டுவதில்லை என்பதால் ஆடுகளுக்கு அதில் ஒரு கவலையும் கிடையாது. கவலையெல்லாம் மனிதர்களுக்குத்தான்.

தண்ணீர் ஊற்றுகிற உரிமை பரம்பரையாக அத்தாயியின் வீட்டுக்கு. இப்போது ஊற்றுகிறவர் அவள் அப்பா ராசப்பன். செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் அப்படியே குந்திவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"நான் என்ன பண்ணட்டும் கண்ணு? சாமி வாயத் தொறக்க மாட்டேங்குதே," என்றார் மகளைப் பார்த்து.

எடப்புளி நாட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை சென்றாயனின் அப்பா நல்ல மனிதர். சத்தம் போடவில்லை.

"மூணாந்தரமும் பாத்துருவோமுங்க. அதுலயும் இல்லீன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. எங்க நாட்டுலயே ஒரு பொண்ணு கேட்டுட்டு இருக்கறாங்க."

சென்றாயன் மட்டும் கடைசியாகப் பின்தங்கி, பலாமரத்துப் பக்கம் காலில் முள் குத்திய மாதிரி குனிந்தான்.

"ஏம்புள்ள, ஆட்டுக்குப் பதிலா நான் நிக்கட்டுமா? ஒரு செம்பு ஊத்துனாப் போதும், எங்க ஊரு வரைக்கும் தெறிக்கத் தெறிக்கத் துளுக்குவேன்."

"போய்யா. உனக்குக் குளிக்கறதுன்னாலே ஆகாது. அதான் துளுக்குவ," என்றாள் அத்தாயி. அவன் சிரித்துக்கொண்டே போனான். அவன் தலை மறைந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்தக் கோடையில் ஊருக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வெங்கிடுசாமி. பட்டணத்தில் போய் மனோதத்துவம் படித்தவர். லீவு விட்டதும் குடையும் துணி மூட்டையுமாக மலையேறி வந்து, பூசாரி குப்புசாமியின் வீட்டோடு இருந்த ஒரு அறையில் தங்கியிருந்தார். ஆடு துளுக்குவதைக் கவனித்துப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. இதெல்லாம் வெறும் தற்செயல் என்று கட்டுரையின் கடைசி வரியை மலையேறும்போதே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டார்.

அதனால் பூசாரிக்கும் அவருக்கும் தினம் ஒரு மல்லுக்கட்டு. அன்றைக்குக் காலையில்கூட, புதுச் சரிவில் மிளகுக் கொடி வைக்கலாமா என்று சின்னுசாமி கேட்டபோது ஆடு துளுக்கியது. ஊரே பார்த்தது.

"ஈ ஓட்டுச்சுங்க," என்றார் வாத்தியார்.

"எந்த ஈ? ஈயைக் காட்டுங்க பாக்கலாம்!"

"பறந்துபோன ஈயை எப்படிப் பூசாரி காட்டறது?"

"அப்ப அந்த ஈயையும் எங்க சாமிதான் அனுப்பிச்சுது. முடிஞ்சுதா?"

ஒரே ஆடு, ஒரே முதுகு. பூசாரி கண்ணுக்கு லேசாகக் காது ஆடினாலே துளுக்கல். வாத்தியார் கண்ணுக்கோ ஆடு குட்டிக்கரணம் போட்டாலும் துளுக்கல் இல்லை. அத்தாயி இதைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

மறுநாள் காலையில் அவள் ஓடைக்குத் தண்ணீருக்குப் போனபோது, அப்பா அங்கே குளித்துக்கொண்டிருந்தார். முழங்காலளவுத் தண்ணீரில் அவர் பக்கத்தில் அவர்களுடைய கிடாய் கருவாயனும் நின்றது. தாயில்லாக் குட்டியாகக் கிடைத்ததை மடியில் வைத்து வளர்த்தவர். தான் குளிக்கப் போனால் அதையும் இழுத்துக்கொண்டு போய் முதுகு தேய்த்துவிடுவார். அப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, குடையோடு வந்த வாத்தியார் பாறைமேல் உட்கார்ந்தார்.

"அழாதம்மா. ஆடு அசையாட்டிப் போவுது. நீ சென்றாயனைக் கட்டிக்க வேண்டியதுதானே?"

"சாமி வேண்டாங்கறதச் செஞ்சா எங்கப்பா செத்தே போயிருவாருங்க."

வாத்தியார் கொஞ்ச நேரம் குடைக்காம்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கதை சொன்னார். சீமையில், ஜெர்மனி தேசத்தில், ஒருத்தர் ஒரு குதிரை வளர்த்தார். அது கணக்குப் போடும். ரெண்டும் மூணும் எத்தனை என்று கேட்டால் காலால் ஐந்து தட்டு தட்டி நிறுத்தும். பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் வந்து பார்த்து, இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒருத்தர் ஒரு வேலை செய்தார். கேட்கிற ஆளுக்கே விடை தெரியாத கேள்வியாகக் கேட்க வைத்தார். குதிரைக்கு ஒன்றும் வரவில்லை!

"ஏனுங்க? குதிரை மறந்துபோச்சுங்களா?"

"குதிரைக்கு என்னைக்கும் கணக்குத் தெரியாது. கேட்டவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே தட்டியிருக்குது. சரியான இடம் வந்ததும் அவங்களை அறியாமத் தலை துளி அசையும். அதைப் பாத்து நிறுத்திக்கும். இதுல பாரு, வளத்தவருக்கே அது தெரியாது. அவர் பொய்யர் இல்லை. குதிரைக்குத் தெரியும்னு மனசார நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவர் தலையை அசைச்சுது."

அத்தாயி குடத்தை இடுப்பில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் தளும்பிச் சேலையில் வழிந்தது. அவள் கண்ணுக்குள் அப்பாவின் கை வந்தது.

சின்னுசாமியின் ஆட்டுக்கு ஊற்றும்போது அப்பா செம்பைத் தலைக்கு மேல் தூக்கி, காதுக்குள்ளே இறங்குகிற மாதிரி சளாரென்று கவிழ்த்தார். தண்ணீர் பனி மாதிரி குளிர்ந்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. அவள் கல்யாணத்துக்குக் கேட்டபோது? செம்பு வெகுநேரம் வெயிலில் இருந்தது. அப்பா குனிந்து, இடது கையால் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, கைக்குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். முதல் தடவையும் அப்படித்தான்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பாவும் அவளும்தான். மரவள்ளிக் கிழங்கு தோண்டுவதும், சாமை குத்துவதும், அப்பா வெற்றிலையை அதிகம் போட்டால் திட்டுவதும் அவள்தான். அவள் எடப்புளிக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவரைத் திட்ட ஆளில்லை.

"எங்கப்பா ஏமாத்தறவர் இல்லீங்க," என்றாள் மெதுவாக.

"அந்தக் குதிரைக்காரரும் இல்லைம்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதை அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாது. சாமிக்குக் குறுக்கே தன் கை நின்றது என்று தெரிந்தால் அவர் அந்தச் செம்பையே தொடமாட்டார். சொல்லாமலே செய்ய வேண்டும். அந்தச் சீமைக்காரர் செய்த மாதிரி.

"ஏனுங்க வாத்தியாரே, ஊத்தற ஆளுக்கு எது யாரு கேள்வின்னே தெரியலீன்னா?"

வாத்தியார் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

பூசாரியைச் சம்மதிக்க வைப்பது சின்ன வேலை இல்லை. அத்தாயிதான் போய்ப் பேசினாள். விதைப்புக்கு முந்தின கேள்வி நாள் வருகிறது. அன்றைக்கு எல்லாருடைய கேள்வியையும் தனித்தனியாக இலைப் பொட்டலத்தில் கட்டிவிடலாம். விதைப்புக்கு ஒரு பிடி சாமை, கல்யாணத்துக்கு ஒரு மஞ்சள் கிழங்கு, இப்படி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி இலையில் கட்டி ஒரே கூடையில் போட்டுக் குலுக்கி, வந்த வரிசையில் ஆட்டுக் கழுத்தில் கட்டிவிட வேண்டியது.

"எந்த ஆடு எதுக்குத் துளுக்குதுன்னு நமக்கே தெரியாமப் போயிருமே, கண்ணு?" என்றார் பூசாரி.

"நமக்கெதுக்குங்க தெரியோணும்? அப்புறமாப் பிரிச்சுப் பாத்துக்கலாம். சாமிக்குத் தெரிஞ்சாப் போதாதுங்களா? இல்ல, நம்ம சாமிக்கு இலைக்குள்ள இருக்கறது தெரியாதுன்னு சொல்றீங்களா?"

பூசாரி விபூதித் தட்டை ணங்கென்று கீழே வைத்தார்.

"யாருடி சொன்னா தெரியாதுன்னு? பாறைக்குள்ள இருக்கற தேரைகூடத் தெரியும் எங்க சாமிக்கு!"

"அப்பச் சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள்.

கேள்வி நாளன்று கோயில் முன்னால் ஆறு கிடாய்கள். விதைப்புக்கு ஊர்ப் பொதுவில் ஒன்று, திருவிழாவுக்குப் பூசாரி கொண்டுவந்தது ஒன்று, புது வீடு கட்டக் கண்ணாயி அத்தையுடையது ஒன்று, தேனடை எடுக்கப் பாறை ஏறலாமா என்று கேட்கச் சின்னுசாமியுடையது ஒன்று, அத்தாயி வீட்டுக் கருவாயன் ஒன்று. ஆறாவது வாத்தியாருடையது. எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்லி, சின்னுசாமியிடமே இன்னொரு ஆட்டை இரவல் வாங்கியிருந்தார். கேள்வி என்ன என்று மட்டும் யார் கேட்டும் சொல்லவில்லை.

"வாத்தியாருக்கு ரெண்டாங் கல்யாணக் கேள்வியாட்டம் இருக்குது! மொகத்தப் பாரு, எப்படிச் செவக்குது!" என்றாள் கண்ணாயி அத்தை.

"அவரு சம்சாரம் அடிவாரத்துல இருந்து கல்லு வீசுனா இங்க வந்து உழுவும், அத்தை. சும்மா இரு," என்றாள் அத்தாயி.

சென்றாயனும் அவன் அப்பாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. அத்தாயியும் அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கண் கலங்கிவிடும்.

கூடையைக் குலுக்கினார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து ஆடுகளின் கழுத்தில் கட்டினார். எந்தக் கழுத்தில் எந்தக் கேள்வி என்று சாமியைத் தவிர யாருக்கும் தெரியாது. ராசப்பன் செம்போடு வந்தார்.

"இதென்னய்யா புது வழக்கம்? எது எம் புள்ளையோடது?" என்று கேட்டார்.

"தெரியாது. ஊத்து," என்றார் பூசாரி.

ராசப்பன் முதல் ஆட்டுக்குப் பக்கத்தில் போனார். செம்பைத் தூக்கினார். தூக்கின கை மெல்ல இறங்கியது. குனிந்து, முதுகைத் தடவி, மெதுவாக ஊற்றினார். ஆடு நின்றது. துளுக்கவில்லை. இரண்டாவது ஆட்டுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும் அப்படியே. எதுவும் துளுக்கவில்லை. ஆறு ஆடுகளும் நனைந்துகொண்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, சமத்தாக நின்றன.

கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு சந்தைச் சத்தம்.

"அப்ப விதைப்பு இல்லையா? இந்த வருசம் சாமைக்கு என்ன பண்றது?"

"எங்கூடு ஒழுகுதய்யா! மழை வந்தா நான் எங்க போயிப் படுக்கறது, உந்தலை மேலயா?" இது கண்ணாயி அத்தை.

"திருவிழாவே கெடையாதுங்கறியா ராசப்பா?" பூசாரியின் குரல் உடைந்தேவிட்டது.

அத்தாயி நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. கேள்வி தெரியாவிட்டால் அப்பா கை எல்லா ஆட்டுக்கும் வழக்கம்போல் சளாரென்று ஊற்றும் என்று எண்ணியிருந்தாள். ஆனால் அந்தக் கையோ, எதில் மகள் இருக்கிறாளோ என்று எல்லா ஆட்டையும் தாலாட்டிவிட்டது! வாத்தியாரைப் பார்த்தாள். அவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார். ஜெர்மனியில் இப்படி நடக்கவில்லை போலிருக்கிறது.

"ஏண்டா ராசப்பா," என்று கண்ணாயி அத்தை தம்பியின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னடா ஊத்துன? ஆட்டுக்கு எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்தறியா? அன்னைக்குச் சின்னுசாமி ஆட்டுக்கு ஊத்துனயே, எம் மொகமெல்லாம் தெறிச்சுது. அந்தக் கை எங்கடா போச்சு?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? எது எம் புள்ளையோடதுன்னு தெரியலையே. கை வர மாட்டேங்குது..."

சொன்னவர் பாதியில் நிறுத்தினார். தன் கையைத் தானே பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கூட்டம் அடங்கிவிட்டது.

"கண்ணு," என்றார் ராசப்பன். "நானா?"

அத்தாயி பக்கத்தில் வந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நீங்க வேணும்னு பண்ணலீங்கப்பா."

"ரெண்டு தரமும் நானா? சாமி மேல பழியப் போட்டுட்டு ஊருக்கு முன்னால குந்தி அழுதனே, அதுவும் நானா?"

"உங்க கைக்கு என்மேல ஆசை. அது அப்படித்தானுங்க ஊத்தும்."

ராசப்பன் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ போயிட்டா என்னை வெத்தல போடாதேன்னு யாரு சொல்லுவா?"

"இந்தக் கரட்டு மேட்டத் தாண்டுனா எடப்புளி. அங்க இருந்தே கத்தறேன். உங்களுக்குக் கேக்கும்."

"அவ கத்துனா அடிவாரத்துக்கே கேக்கும்," என்று ஓரத்திலிருந்து சென்றாயன் சொன்னான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராசப்பனுக்கும் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

பூசாரிக்குத்தான் சிரிக்க நேரமில்லை. அவருடைய திருவிழா அங்கே ஒரு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! பொட்டலம் பிரிக்கற வரைக்கும் எத்தனை செம்பு ஊத்துனாலும் அது ஒரே தரந்தான். இது எங்க தாத்தன் காலத்துல இருந்தே இருக்கற மொறை."

அப்படி ஒரு முறையை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எல்லாருக்கும் ஒரு கேள்வி உள்ளே இருந்ததே.

"ராசப்பா, உம் புள்ளையத் தனியாப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. எதுல அவ இருக்கறான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அவளை உடலீன்னா ஊரையே உட மாட்ட. உடறதுன்னா எல்லாத்தையும் உடு," என்றார் பூசாரி.

ராசப்பன் செம்பிலிருந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கீழே கொட்டினார். குடத்தை எடுத்துக்கொண்டு தானே ஓடைக்கு இறங்கிப் போனார். பாறை இடுக்கிலிருந்து வருகிற குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சளைக் கரைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாமி! எல்லாரையும் நல்லா வெய்!" என்று கத்திக்கொண்டே முதல் ஆட்டின் காதில் கவிழ்த்தார்.

ஆடு துளுக்கியது பாருங்கள், முன்வரிசை முழுக்க மஞ்சள்! இரண்டாவது ஆடு துளுக்கிய துளுக்கலில் பூசாரியின் விபூதி கரைந்து தாடியில் இறங்கியது. மூன்றாவது எகிறிச் செம்பையே தட்டிவிட்டது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இதை ஈ என்று அவராலும் சொல்ல முடியவில்லை. நான்கு, ஐந்து. ஊர் குலவை போட ஆரம்பித்துவிட்டது. கடைசியாகக் கருவாயன்.

ராசப்பன் தான் மடியில் வளர்த்த கிடாய்க்கும் இரக்கம் காட்டவில்லை. முழுச் செம்பு, காதிலேயே. கருவாயன் கண்ணை மூடியது. நின்றது. இன்னொரு செம்பு. நின்றது. குடத்தையே தூக்கிக் கவிழ்த்தார். கருவாயன் சுகமாகக் கழுத்தை நீட்டிக்கொடுத்தது. துளுக்கவில்லை.

குலவை நின்றுபோனது.

போன இரண்டு தரமும் அத்தாயிக்காக நின்றது இதே ஆடு. ஐந்து பேருக்குச் சரி சொல்லிவிட்டு, ஆறாவதாக வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டதா? இந்தத் தரம் அப்பா கைமேல்கூடப் பழி சொல்ல வழியில்லை. சென்றாயன் எழுந்து நின்றுவிட்டான்.

"பிரிங்க," என்றாள் அத்தாயி. "கருவாயனோடதயே மொதல்ல பிரிங்க."

பூசாரி பொட்டலத்தை அவிழ்த்தார். நாரை எடுத்தார். இலையை விரித்தார். திருப்பினார். உதறினார்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

"இதென்னய்யா? வெறும் இலை!"

எல்லாரும் ஒரே நேரத்தில் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் குடையை விரிக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார்.

"அது என்னோடதுங்க," என்றார். "நான் கேள்வி ஒண்ணும் வைக்கல. கேள்வியே இல்லாமப் போனாலும் ஆடு துளுக்கும்னு காட்டறதுக்காக... சும்மா... ஒரு சோதனைக்கு..."

அப்புறம் எழுந்த சத்தத்தில் அந்தப் பலாமரத்தில் இருந்த பறவையெல்லாம் பறந்துபோய்விட்டது. பூசாரி வாத்தியாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார்.

"கேள்வியே இல்ல, அதனால பதிலும் இல்ல! பாத்தீங்களா? இலைக்குள்ள ஒண்ணுமில்லேன்னு எங்க சாமிக்குத் தெரிஞ்சிருக்குது! எழுதுங்க வாத்தியாரே, பத்திரிகையில இத எழுதுங்க!"

"எறக்குங்க பூசாரி, எறக்குங்க! இது தற்செயல்... ஆறுல ஒண்ணு..."

"ஈயி, ஈயி! ஈ வரலீங்களா?" என்று கண்ணாயி அத்தை கைகொட்டினாள்.

மஞ்சள் கிழங்கு கண்ணாயி அத்தையின் ஆட்டுக் கழுத்தில் இருந்தது. செம்பைத் தட்டிவிட்டதே, அந்த ஆடு. ராசப்பன் அந்த மஞ்சளை எடுத்து மகள் கையில் வைத்தார். மூடிய அவள் விரல்களைத் தன் இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டு, சென்றாயனைப் பார்த்து, "என்ன மாப்ள, தள்ளி நிக்கற? வா இங்க," என்றார். மிச்சம் இருந்த தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார். அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். துளுக்கிய துளுக்கலில் எடப்புளி வரைக்கும் தெறித்திருக்கும்.

மழைக்கு முந்தியே கல்யாணம் முடிந்தது. ராசப்பன் சீரோடு சீராகக் கருவாயனையும் மகள் கூட அனுப்பிவிட்டார். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து, "என்னோட கை இருக்குதே, அது சாமியவே ரெண்டு தரம் ஏமாத்துன கையி," என்று வந்த ஒறம்பரை சனத்திடமெல்லாம் பெருமையாக நீட்டிக் காட்டினார். ஒரு கையால் காட்டிக்கொண்டே மறு கையால் வெற்றிலை போட்டார். பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து மணப்பெண் ஒரு கத்து கத்தினாள். வெற்றிலை மடிக்குள் போய்விட்டது.

எடப்புளிக்குப் போன சில நாளில் ஒரு காலை, அத்தாயி ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடாமல் கருவாயன் தானாக வந்தது. விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கியது. பாறையிலிருந்து கொட்டுகிற அருவித் தண்ணீருக்கு அடியில் போய் நின்று, கண்ணை மூடி, கழுத்தை நீட்டிக்கொடுத்தது. தண்ணீர் காதில் கொட்டுகிறது, தலையில் கொட்டுகிறது. அது அசையவே இல்லை.

அத்தாயி துணியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். குட்டியிலிருந்து தினம் அப்பாவோடு குளித்த ஆடு. அது எந்தத் தண்ணீருக்குத்தான் துளுக்கும்? அவளும்தான் பார்த்தாள், தினம் ஓடையில் பார்த்தாள். குதிரைக் கதையைக் கேட்ட பிறகு அப்பாவின் கையைத் தவிர வேறொன்றும் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்த வாரமே லீவு முடிந்து கீழே இறங்கும் வாத்தியார், வழியில் விடைபெற்றுப் போக வந்தார். அவள் அவரை ஓடைக்குக் கூட்டிப்போய் ஆட்டைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ உங்கப்பா கை?"

"கையுந்தானுங்க. அன்னைக்கு ஒரு ஆடும் துளுக்கலையே, பாத்தமல்ல? கையுந்தான், கருவாயனுந்தான்."

"அப்போ வெறும் பொட்டலம்?"

"அதப் பூசாரிகிட்டக் கேளுங்க. அவரு சாமி மேல சத்தியம் பண்ணுவாரு."

வாத்தியார் தலையில் கை வைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மலையேறும்போது எழுதி வைத்திருந்த கடைசி வரி இனி உதவாது. "நான் மொதல்ல இருந்து பாக்கோணும் போலிருக்குதும்மா. அடுத்த லீவுல வாரேன்," என்றார்.

"வாங்க. வரும்போது கேள்வியோட வாங்க," என்றாள் அத்தாயி.

அவர் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார். கருவாயன் அருவிக்கடியிலிருந்து வெளியே வந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்று, ஒரு தண்ணீரும் மேலே விழாத அந்த நேரத்தில், தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு துளுக்குத் துளுக்கியது. அவள் அலசிக் காயப்போட்டிருந்த துணி முழுக்க மறுபடி நனைந்துவிட்டது.

"அட எழவே! இப்பத்தான் உனக்கு வந்துச்சா?" என்று அத்தாயி கத்தின கத்தலில், கரட்டுக்கு அந்தப் பக்கம் ராசப்பன் வெற்றிலையை எடுத்தவர் அப்படியே கீழே வைத்திருப்பார்.